ரசனைக்கு ஏன் முக்காடு?

(சென்னை தியாகராய நகரில் நடந்த பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் சிலருக்கு அற்பமானதாகத் தோன்றலாம். கடவுள், மதம், சாதி, சடங்கு என்று பேசவேண்டிய மேடையில் பாட்டையும் சினிமாவையும் டி.வி. தொடரையும் பற்றிப் பேச ஒருவன் வந்திருக்கிறானே என்று நினைக்கலாம். ஆனால் ஒரு மனிதனுடைய அடிமைத்தனம் அவன் கும்பிடுகின்ற இடத்தில் மாத்திரம் இருப்பதில்லை. அவன் வெட்கப்படுகின்ற இடத்திலும், கேலி செய்கின்ற இடத்திலுங்கூட இருக்கின்றது. எதற்காக வெட்கப்படுகிறோம், யார் சொல்லி வெட்கப்படுகிறோம் என்பதை யோசித்துப் பார்க்காதவன் சுயமரியாதையைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பயனில்லை. நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையான பிட்டி தியாகராயர் பெயரைக் கொண்ட இந்த ஊரில், பனகால் அரசர் பெயரைக் கொண்ட பூங்காவுக்குச் சமீபத்தில் நின்றுகொண்டு இதைப் பேசுவது பொருத்தமென்றே கருதுகிறேன்.

நான் பெரிய பரீட்சை கொடுத்தவனல்ல. வாசகசாலையில் படித்ததையும், கூட்டங்களில் கேட்டதையும், தெருவில் கண்டதையும் வைத்துத்தான் பேசுகிறேன். ஆகவே பண்டிதப் பேச்சை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இருவகை முக்காடு

இங்கிலீஷ் படித்தவர்கள் 'கில்டி பிளெஷர்' என்று ஒரு வார்த்தை சொல்லுகிறார்கள். நம்முடைய பேச்சில் அதைத் 'திருட்டு ருசி' என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவனுக்கு ஒரு பாட்டு பிடிக்கிறது. ஒரு படம் பிடிக்கிறது. டீக்கடையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிற ஒரு துப்பறியும் கதை பிடிக்கிறது. ஆனால் அது தன் அந்தஸ்துக்குத் தகாதது என்று ஓர் எண்ணம். ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு ரசிக்கிறான். யாராவது வந்துவிட்டால் பாட்டை நிறுத்துகிறான். புத்தகத்தைத் தலையணைக்கடியில் செருகுகிறான். இது முதல் வகை.

இரண்டாவது வகை இதைவிடச் சாமர்த்தியமானது. இவன் கதவைச் சாத்துவதில்லை. நாலு பேர் முன்னாலேயே ரசிப்பான். ஆனால் ரசிக்கிறேன் என்று மாத்திரம் ஒப்புக்கொள்ளமாட்டான். "எவ்வளவு மட்டமாயிருக்கிறது பார், அந்தத் தமாஷுக்காகவே பார்க்கிறேன்" என்பான். பாட்டை முதலடியிலிருந்து கடைசியடி வரைக்கும் மனப்பாடமாகச் சொல்லுவான். கேட்டால் "சும்மா கேலிக்கு" என்பான். கள்ளைக் குடித்துவிட்டு, கள் எவ்வளவு புளித்திருக்கிறது என்று பரிசோதிப்பதற்காகக் குடித்தேன் என்று சொல்லுகிறவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

1999-ம் வருஷக் கடைசியில் 'சித்தி' என்கிற தொடர் சன் டி.வி.யில் ஆரம்பித்தது. பிறகு 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' என்று வரிசையாக வந்தன. அந்தக் காலத்தில் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் இருந்த ஆண்பிள்ளைகளைக் கேட்டால் என்ன சொன்னார்கள்? "வீட்டிலே பெண்கள் பார்க்கிறார்கள், நான் என்ன செய்வது, கூடத்தில்தானே உட்கார வேண்டியிருக்கிறது" என்றார்கள். ஆனால் நேற்றைக்குக் கதை எங்கே நின்றது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பெண்களைவிட விவரமாக ஒப்பித்திருப்பார்கள். அதே ஆண்பிள்ளை நாள் முழுதும் கிரிக்கெட் பார்த்தால் யாருக்காவது சமாதானம் சொல்லுகிறானா? சொல்லுவதில்லை. தொடரும் பொழுதுபோக்குத்தான், கிரிக்கெட்டும் பொழுதுபோக்குத்தான். ஒன்று பெண்கள் ரசிப்பது. ஆகவே அது மட்டம். மற்றது ஆண்கள் ரசிப்பது. ஆகவே அதற்குச் சமாதானம் வேண்டியதில்லை. இந்த ஒரு உதாரணத்திலேயே, வெட்கம் என்பது பொருளிலிருந்து வரவில்லை, அதை யார் அனுபவிக்கிறார்கள் என்பதிலிருந்து வருகிறது என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

வெட்கத்துக்குக் காரணம் என்ன?

அறிவுள்ளவன் எதற்கும் காரணம் கேட்பான். வெட்கத்துக்கும் காரணம் கேட்கவேண்டியதுதான். பிறனுக்குத் தீங்கு செய்தால் வெட்கப்படலாம். பொய் சொன்னால் வெட்கப்படலாம். கூலிக்காரனுக்குக் கூலி குறைத்தால் வெட்கப்படலாம். ஒரு மெட்டு காதுக்கு இன்பமாயிருந்தது என்பதற்காக வெட்கப்படுவதென்றால், அதனால் யாருக்கு என்ன கெடுதி வந்தது? கெடுதி ஒன்றும் இல்லாத இடத்தில் வெட்கம் இருக்குமானால் அந்த வெட்கத்தை வேறு யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பிரெஞ்சு தேசத்தில் பியேர் பூர்தியூ என்று ஓர் அறிஞர் இருந்தார். 1960-களில் அத்தேசத்து மக்களிடம், உங்களுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும், எந்தப் படம் பிடிக்கும், வீட்டில் என்ன சாமான் வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்து, அதை ஆராய்ந்து 1979-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். பாக் என்பவர் இயற்றிய கடினமான வாத்திய இசை பிடிக்கும் என்றவர்கள் பெரும்பாலும் மேல்வர்க்கத்துப் படிப்பாளிகள். ஸ்ட்ராஸ் என்பவரின் 'நீல டான்யூப்' என்ற நாட்டிய மெட்டு பிடிக்கும் என்றவர்கள் பெரும்பாலும் உழைப்பாளிகளும் சிறு வியாபாரிகளும். ஆகவே ரசனை என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல; பிறந்த வீடும் படித்த பள்ளியும் கொடுத்தது; மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்டிக்கொள்ள அது ஓர் அடையாளமாகப் பயன்படுகிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். பிரான்சில் வர்க்கம் என்றால், இந்த நாட்டில் அதற்கும் மேலே ஒரு படி போட்டுச் சாதியும் உட்கார்ந்திருக்கிறது. எவன் பாடினான், எவன் கை பட்டது என்று பார்த்தே நமக்கு வெட்கம் வருகிறது. இதை உங்களுக்கு இந்த ஊர்க் கதையிலிருந்தே காட்டுகிறேன்.

துக்கடா

டிசம்பர் வந்தால் மயிலாப்பூரிலும் இந்தத் தியாகராய நகரிலும் கச்சேரி நடக்காத சபை கிடையாது. மியூசிக் அகாடமி 1928-ல் துவக்கப்பட்டது. இப்போதுள்ள கச்சேரி முறையை அமைத்துக் கொடுத்தவர் அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் என்று சொல்லுகிறார்கள். அதில் முதலில் வர்ணம், பிறகு கீர்த்தனைகள், நடுவில் பெரிய உருப்படி, அதற்குப் பிறகு தனியாவர்த்தனம், இவ்வளவும் முடிந்தபின் கடைசியில் சில சின்ன உருப்படிகள். இந்தக் கடைசிச் சாமான்களுக்கு வைத்திருக்கிற பெயர் 'துக்கடா'. துண்டு, துணுக்கு என்று அர்த்தம்.

இந்தத் துணுக்கில் என்னென்ன இருக்கும்? காவடிச்சிந்து இருக்கும், பதம் இருக்கும், தில்லானா இருக்கும், நம் காதுக்கு விளங்குகிற தமிழ்ப் பாட்டு இருக்கும். பெரிய உருப்படிகள் பெரும்பாலும் தெலுங்கும் சமஸ்கிருதமும். அதுவரைக்கும் விரலை மடக்கித் தாளம் எண்ணிக்கொண்டிருந்தவர்கள், துக்கடா வந்தவுடன் முகம் மலர்ந்து உட்காருவார்கள். இன்னதைப் பாடவேண்டும் என்று துண்டுச் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். ஜனங்கள் வாய்விட்டுக் கேட்டது எதுவோ அதற்குத்தான் 'துணுக்கு' என்று பெயர்! கேட்டுவிட்டு வெளியே வந்தால், "இன்றைக்குத் தோடி பிரமாதம்" என்று சொல்லவேண்டும். காவடிச்சிந்துதான் மனசை அள்ளியது என்று சொன்னால் சங்கீத ஞானம் போதாது என்று ஆகிவிடும். திருட்டு ருசி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேறு வேண்டுமா?

1941-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மகாநாடு, தமிழ்நாட்டுக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு முதன்மை வேண்டும் என்று கேட்டது. அண்ணாமலைச் செட்டியார் அதற்குப் பொருளுதவி செய்தார். கல்கி அதற்காக எழுதினார். இது என்ன பெரிய அக்கிரமமான கோரிக்கையா? தமிழன் ஊரில் தமிழைப் பாடு என்பதுதானே? ஆனால் மொழியைக் கொண்டுவந்து புகுத்திச் சங்கீதத்தின் தரத்தைக் கெடுக்கலாகாது என்று மியூசிக் அகாடமி பக்கத்திலிருந்து பதில் வந்தது. தமிழில் பாடினால் தரம் ஏன் கெடவேண்டும் என்று கேட்டவர்களுக்குத் தக்க பதில் வரவில்லை. கடைசியில் 1943-ல் தமிழிசைச் சங்கம் தனியே ஏற்பட்டது.

இன்னொன்றும் கவனியுங்கள். மதுரை மணி ஐயர் கச்சேரியின் கடைசியில் 'இங்கிலீஷ் நோட்டு' என்று ஒன்று பாடுவார். ஜனங்களுக்கு அதில் அவ்வளவு ஆசை. வெள்ளைக்காரன் பாண்டு வாத்திய மெட்டின் சாயல் அது. நல்லது, நான் அதைக் குறை சொல்லவில்லை, இன்பமான மெட்டுத்தான். ஆனால் கடல்கடந்து வந்த பாண்டு மெட்டுக்குச் சபையில் ஒரு மூலையாவது கிடைத்தது. சபைக்கு வெளியே மூட்டை தூக்குகிறவனுடைய மெட்டுக்கு அந்த மூலையாவது கிடைத்ததா? கூப்பிடு தூரத்தில் இருக்கிற குப்பத்துப் பாட்டு துக்கடாவாகக்கூட ஆகவில்லையே, ஏன்?

சுகம் ஒருவனுக்கு, குற்றம் ஒருத்திக்கு

இதைவிடக் கொடுமையான கதை நாட்டியத்தின் கதை. சதிர் என்று பெயர் வைத்து அதை எத்தனை தலைமுறையாகப் பார்த்தார்கள்? ராஜாக்கள் பார்த்தார்கள், ஜமீன்தார்கள் பார்த்தார்கள், கோயில் தர்மகர்த்தாக்கள் பார்த்தார்கள், கல்யாண வீட்டில் வக்கீல்களும் மிராசுதாரர்களும் பார்த்தார்கள். பார்த்தவனுக்கு ஓர் இழிவும் இல்லை. ஆடினவளுக்கு மாத்திரம் தாசி என்று பெயர். சுகம் அனுபவித்தவன் ஒருவன். குற்றத்தைச் சுமந்தவள் ஒருத்தி. 'கில்டி பிளெஷர்' என்பதன் உண்மையான அமைப்பே இதுதான், தோழர்களே! இன்பம் ஒரு பக்கமும், குற்றம் இன்னொரு பக்கமுமாகப் பங்கு பிரித்துக்கொள்வதுதான் அது.

பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழியவேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பாடுபட்டார்கள். அந்தக் குலத்திலேயே பிறந்து அந்தக் கொடுமையை அறிந்தவர்கள் இராமாமிர்தம் அம்மையார். 1947-ல் சட்டம் வந்தது. அது நியாயமான சட்டம். ஒரு பெண்ணைச் சாமிக்குக் கட்டிவைப்பதாகச் சொல்லி ஆசாமிகளுக்குக் கட்டிவைக்கும் அக்கிரமம் ஒழியவேண்டியதுதான். ஆனால் அதே காலத்தில் வேறொரு காரியமும் நடந்தது. 1935 டிசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சபையில் ருக்மணி தேவி அம்மையார் மேடையேறி ஆடினார். 1936-ல் பிற்காலத்தில் கலாக்ஷேத்திரம் என்று பேர்பெற்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. சதிர் என்ற பெயர் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. சொல்லிக்கொடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. காலங்காலமாகக் கலையைக் காப்பாற்றிவந்த இசைவேளாளர் குலத்தவர். கலை உத்தமமாயிற்று. பெரிய வீட்டுப் பெண்கள் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒரு பெண் தன்னிஷ்டப்படி ஆடுவது நல்ல காரியமே. ஆனால் அதைத் தாய்வழியாகக் கொண்டுவந்து கொடுத்த பெண்களில் எத்தனை பேருக்கு அந்தப் புதிய மேடையில் இடம் கிடைத்தது?

சிருங்காரப் பதங்கள் கண்ணியக் குறைவு என்று ஒதுக்கப்பட்டபோது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, காதல் மனித சுபாவம், அதுவே இந்தக் கலையின் உயிர் என்று நிமிர்ந்து நின்று வாதாடியவர் பாலசரஸ்வதி அம்மையார். அவர் அந்த மரபுக் குடும்பத்திலேயே பிறந்தவர். பிறர் தம்மீது சுமத்திய வெட்கத்தை வாங்கிக்கொள்ள மறுத்தவர். 1973-ல் அதே மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. அவர் வெட்கத்தோடு ஒதுங்கியிருந்தால் அந்தப் பதங்களில் பல இன்று நமக்குக் கிடைத்திருக்கமாட்டா.

சர்க்கார் கொடுத்த வெட்கம்

சில சமயங்களில் இந்த வெட்கத்தைச் சர்க்காரே உத்தரவு போட்டு வழங்குவதுண்டு. 1952-ல் மத்திய சர்க்காரில் ஒலிபரப்பு இலாகாவுக்கு பி. வி. கேஸ்கர் என்பவர் மந்திரியாக வந்தார். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம். அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டு அருகி, ஏறக்குறைய மறைந்தேபோயிற்று. சாஸ்திரீய சங்கீதத்தைக் கேட்டுக் கேட்டு ஜனங்கள் திருந்திவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவின் திருகாணியைக் கொஞ்சம் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்துக்கொண்டார்கள். விற்றவனுக்கும் கொண்டாட்டம், விளம்பரக்காரனுக்கும் கொண்டாட்டம். கடைசியில் 1957 அக்டோபரில் சர்க்காரே 'விவித பாரதி' என்று ஒன்றை ஆரம்பித்துச் சினிமாப் பாட்டைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஐந்து வருஷம் நாட்டுக்குப் பாடம் நடத்தி என்ன கண்டார்கள்? வெட்கப்படுத்துவதால் ருசி மாறாது, ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

லுங்கி வேஷம்

இனி இன்றைய காலத்துக்கு வருவோம். கானா என்பது இந்தச் சென்னையின் சொந்தப் பாட்டு. வடசென்னையில் தாழ்த்தப்பட்ட மக்களும் உழைப்பாளிகளும் வளர்த்தது. சாவு வீட்டில் இரவெல்லாம் கண்விழித்திருக்கிறவர்களுக்குத் துணையாகப் பாடப்பட்டது. செத்தவனின் நல்ல குணத்தைச் சொல்லும், வாழ்வின் நிலையாமையைச் சொல்லும், வயிற்றுப்பாட்டைச் சொல்லும், நடுவே சிரிக்கவும் வைக்கும். துக்கத்திலே இருக்கிறவனைச் சிரிக்கவைப்பதற்கு எவ்வளவு தேர்ச்சி வேண்டும்! 1990-களில் தேவா போன்றவர்கள் அதைச் சினிமாவில் தாராளமாகக் கொண்டுவந்தார்கள். 2006-ல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் மீன்களின் கல்யாணத்தைப் பற்றிக் கானா உலகநாதன் பாடிய பாட்டு மூலை முடுக்கெல்லாம் ஒலித்தது. 2012-ல் 'அட்டகத்தி' படத்தில் கானா பாலா பாடினார்.

இந்தப் பாட்டுகளுக்கு அடையாற்றிலும் ஆழ்வார்ப்பேட்டையிலும் ஆடாத கல்யாண மண்டபம் உண்டா? ஆனால் எப்படி ஆடினார்கள்? வேஷம் போட்டுக்கொண்டு ஆடினார்கள்! பெரிய கம்பெனி விழாக்களிலும் காலேஜ் விழாக்களிலும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்தில் கைக்குட்டை சுற்றிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, "இன்றைக்கு நாங்கள் லோக்கல்" என்று கூச்சலிடுவார்கள். பாட்டு முடிந்தவுடன் லுங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு மறுபடியும் கனவான்களாகிவிடுவார்கள். தினமும் லுங்கி கட்டுகிறவன் அதே மண்டபத்தின் வாசலுக்கு வந்தால் காவற்காரன் உள்ளே விடுவானா? அவனுடைய பாட்டு உள்ளே வரலாம், அவனுடைய உடை வேஷமாக உள்ளே வரலாம், அவன் மாத்திரம் வரக்கூடாது!

தோழர்களே! நம் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த அக்கிரமம் உங்களுக்குத் தெரியும். ஒருவனுடைய காசு வேண்டும், அவன் வாய் பட்ட குவளை வேண்டாம். அவன் கறந்த பால் வேண்டும், அவன் பக்கத்தில் உட்காருவது வேண்டாம். கேலியாக ரசிப்பது என்பது ரசனையிலே வைத்திருக்கிற இரட்டைக் குவளை. சபையில் கேட்கும் பாட்டுக்கு ஒரு குவளை. அதில் மரியாதையை ஊற்றிக் குடிக்கிறார்கள். தெருவில் கேட்கும் பாட்டுக்கு இன்னொரு குவளை. அதில் கேலியை ஊற்றிக் குடிக்கிறார்கள். தாகம் இரண்டிலும் ஒரேமாதிரிதான் தீருகிறது.

புத்தகத்திலும் இதே கதைதான். ராஜேஷ்குமார் போன்றவர்களின் துப்பறியும் நாவல்களை லட்சக்கணக்கான ஜனங்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் படித்துத் தள்ளினார்கள். அவருடைய நாவல்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. ஆனால் இங்கிலீஷ் படித்த வீடுகளில் அதைக் கையில் வைத்திருப்பது கேவலம். 2008-ல் சென்னையிலுள்ள பிளாஃப்ட் என்ற பதிப்பகம் இப்படிப்பட்ட கதைகள் சிலவற்றை இங்கிலீஷில் மொழிபெயர்த்து ஒரு தொகுப்பாகப் போட்டது. மொழிபெயர்த்தவர்களுக்கு அந்தக் கதைகளில் உண்மையான பிரியம் இருந்தது. அவர்கள் செய்தது நல்ல வேலை. நான் கேட்பது வாங்கினவர்களை. தமிழிலே சில ரூபாய்க்குத் தொங்கினபோது குனிந்து பார்க்காதவர்கள், இங்கிலீஷில் வழவழப்பான அட்டையோடு வந்தவுடன் வரவேற்பறை மேஜையில் வைத்து, "என்ன வேடிக்கையான சாமான் பார்" என்று விருந்தாளிகளுக்குக் காட்டினார்களே, அது எதனால்? சரக்கு அதே சரக்குத்தான். எட்டநின்று பார்க்க ஒரு வேலி கிடைத்தது, அவ்வளவுதான்.

இரண்டு கடன்

"இதிலென்ன அப்பா கெடுதி, தமாஷாகச் சிரித்துவிட்டுப் போகிறோம்" என்று சிலர் கேட்கலாம். சொல்லுகிறேன். ஒரு பொருளை ரசிக்கிறவனுக்கு இரண்டு கடன் உண்டு. ஒன்று, அதைச் செய்து கொடுத்தவனுக்குச் செலுத்தவேண்டிய மரியாதைக் கடன். மற்றொன்று, அந்தப் பொருள் நல்லதா கெட்டதா என்று சீர்தூக்கிப் பார்க்கவேண்டிய பொறுப்புக் கடன். "சும்மா கேலிக்கு" என்று சொல்லுகிறவன் இரண்டையும் ஒரே வார்த்தையில் ஏமாற்றிவிடுகிறான். நல்ல பாட்டுக்கு நன்றி சொல்லாமல் தப்பித்துக்கொள்கிறான். கெட்ட பாட்டுக்குப் பதில் சொல்லாமலும் தப்பித்துக்கொள்கிறான்.

தெருவில் பிறந்தது எல்லாம் உத்தமம் என்று நான் சொல்லவரவில்லை. பெண்களை இழிவுபடுத்துகிற பாட்டு உண்டு. வேண்டாம் என்று சொன்னவளைத் துரத்துவதே காதல் என்று சொல்லுகிற படம் உண்டு. கறுப்பு நிறத்தைக் கேலி செய்து பிழைக்கிற காமெடி உண்டு. இவை கானாவிலும் உண்டு, கனவான்கள் எடுக்கும் படத்திலும் உண்டு, சங்கீத வித்வான்கள் பாடும் பதங்களிலும் தேடினால் உண்டு. இவற்றைக் கண்டால் கெட்டது என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும், விட்டுவிடவேண்டும். "கெட்டதென்று எனக்கும் தெரியும், தமாஷுக்குப் பார்க்கிறேன்" என்பது ஒரு சமாதானமாகுமா? டிக்கட்டுக் கொடுக்கிறவன், நீ கேலிக்காக வந்தாய் என்பதற்காக விலையில் ஏதாவது தள்ளிக் கொடுக்கிறானா? உன் காசும் பக்தனுடைய காசும் ஒரே பெட்டியில்தானே விழுகின்றன?

ராசிபலன் விஷயத்திலும் இதே தந்திரந்தான். "எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, சும்மா பார்க்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு காலையில் பத்திரிகையைப் பிரித்தவுடன் தன் ராசியைத் தேடுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். பத்திரிகைக்காரன் உன் மனசுக்குள் புகுந்து நம்பிக்கை எவ்வளவு, தமாஷ் எவ்வளவு என்று அளந்து பார்ப்பதில்லை. எத்தனை கண்கள் பார்த்தன என்பதுதான் அவன் கணக்கு. லட்சம் பேர் 'சும்மா' பார்த்தால் ஒரு ஜோசியனுக்கு ஆயுள்பரியந்தம் பிழைப்பு நடக்கும். அன்றியும் சந்திராஷ்டமம் என்று போட்டிருந்த நாளில் அந்தச் 'சும்மா' ஆசாமி வெளியூர்ப் பிரயாணத்தைத் தள்ளிப்போடுகிறானா இல்லையா என்று கவனித்துப் பாருங்கள். தமாஷ் எங்கே முடிந்து நம்பிக்கை எங்கே ஆரம்பிக்கிறது என்பது அவனுக்கே தெரிவதில்லை.

சிரிப்பு வேண்டாமா?

சிரிப்பே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். என். எஸ். கிருஷ்ணன் சிரிக்க வைத்துத்தான் சிந்திக்க வைத்தார். எம். ஆர். ராதா 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தில் யாரைக் கேலி செய்தார்? பணத்திமிரையும் போலி வேஷத்தையும் கேலி செய்தார். அந்தச் சிரிப்பு மேலே இருப்பவனை நோக்கிப் போனது. கேலி செய்கிறேன் என்று நேருக்குநேராகச் சொல்லியும் செய்தது. அதில் மறைப்பு இல்லை.

அமெரிக்காவில் சூசன் சான்டாக் என்ற அம்மையார் 1964-ல் 'கேம்ப்' என்ற ரசனையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மிதமிஞ்சிய ஆடம்பரமும் தோற்றுப்போன பெருமுயற்சியுமுள்ள பொருள்களை, அந்த மிகைக்காகவே கொண்டாடுவது அந்த ரசனை. அத்தேசத்தில் அதை வளர்த்தவர்களில், ஆணை விரும்பும் ஆண்கள் என்பதற்காகச் சமூகம் ஒதுக்கிவைத்தவர்கள் முக்கியமானவர்கள் என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லுகிறார். ஒதுக்கப்பட்டவன் தன்னை ஒதுக்கிய உலகத்தின் வேஷங்களைப் பார்த்துச் சிரிப்பது ஒரு தற்காப்பு. அதில் பிரியமும் கலந்திருக்கிறது. ஒதுக்குகிறவனே ஒதுக்கப்பட்டவனுடைய பாட்டை எடுத்து ஆடிவிட்டுச் சிரிப்பது வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

என்ன செய்யவேண்டும்?

பெரிய காரியம் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. ஒன்று, பிடித்ததைப் பிடிக்கிறது என்று சொல்லுங்கள். தோடி பிடித்தால் தோடி. கானா பிடித்தால் கானா. இரண்டும் பிடித்தால் இரண்டும். தோடி பிடிக்காதவன் அதற்காகவும் வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டு, ரசித்தால் செய்தவன் பெயரைக் கேளுங்கள். சபைக் கச்சேரியில் மிருதங்கம் வாசித்தவர் பெயர்கூட நோட்டீசில் அச்சாகிறது. சாவு வீட்டில் விடியவிடியப் பாடினவன் பெயரும், பறை அடித்தவன் பெயரும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயரைக் கேட்டபின் கூலியையும் குறைக்காமல் கொடுங்கள். மூன்று, கெட்டது என்று உங்கள் புத்திக்குப் பட்டால், அதை ரசிக்கும் ஆசையோடு சண்டை போட்டாவது விட்டுவிடுங்கள். 'சும்மா' என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒளியாதீர்கள்.

நல்ல அடையாளங்கள் இல்லாமலில்லை. 2015-ல் அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில், மீனவர் வாழும் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா ஆரம்பித்தார்கள். பாடகர் டி. எம். கிருஷ்ணா முதலானவர்கள் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்தியது. கர்நாடக சங்கீதமும் பறையாட்டமும் கடற்கரையில் ஒரே மேடையில் நடந்தன. 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு கீழ்ப்பாக்கத்தில் முதல்முதலாகப் பாடியது. கானாவில் சாதி ஒழிப்பைப் பாடினார்கள். திரைப்பட டைரக்டர் பா. ரஞ்சித் முயற்சியில் 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' நடந்தது. மார்கழி என்றால் சபாக்களுக்கே சொந்தம் என்றிருந்த ஊரில், அதே மாதத்தில் கானாவும் ஒப்பாரியும் நாட்டுப்புறப் பாட்டும் தலைநிமிர்ந்து மேடை ஏறின. அங்கே போனவர்கள் வேஷம் போடவில்லை. "சும்மா" என்று சொல்லவில்லை. பாடினவர்களின் முகத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். ரசிக்கிறவனுக்கும் பாடுகிறவனுக்கும் நடுவே இருக்கவேண்டிய யோக்கியமான சம்பந்தம் அவ்வளவுதான்.

தோழர்களே! சாமி பேரைச் சொல்லி நம்மைப் பயமுறுத்தினவர்களை நாம் ஏனென்று கேட்டோம். தரம், ரசனை, நாகரிகம் என்ற பேரைச் சொல்லி நம்மை வெட்கப்பட வைக்கிறவர்களையும் அதேமாதிரி ஏனென்று கேட்கவேண்டும். அவர்கள் தக்க காரணம் சொன்னால் ஒப்புக்கொள்ளுவோம். காரணம் சொல்ல முடியாவிட்டால் அந்த வெட்கத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

நான் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு, தவறென்று பட்டதைத் தள்ளிவிடுங்கள்.